பிள்ளைகளுக்கு வாணிகம் கற்பிக்கலாமா?

சில ஆண்டுகளாக நம் நாட்டுப் பள்ளிகளில் ஒரு புதிய பாடம் புகுந்திருக்கிறது. தொழில்முனைவு என்று அதற்குப் பெயர் வழங்குகிறார்கள். மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து ஒரு பொருளைச் செய்து, விலை வைத்து, விற்று, வரவு செலவு எழுதிக் காட்ட வேண்டும். தில்லி அரசு 2019-ஆம் ஆண்டில் தன் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இதனைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 2021-இல் மேல்வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2000 ரூபாய் வரை விதைமுதலாகக் கொடுத்து, தொழில் நடத்திப் பார்க்கச் செய்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்பினர் பத்து நாட்கள் புத்தகப் பையைச் சுமக்காமல் உள்ளூர்த் தொழிலாளரிடம் சென்று பழக வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 1919-ஆம் ஆண்டிலேயே இத்தகைய இயக்கம் ஒன்று தோன்றிப் பின்னர் உலகெங்கும் பரவியது. ஆட்சிகள் மாறும்போது திட்டங்களின் பெயர்கள் மாறலாம். ஆனால் இந்தப் பாடம் பள்ளியை விட்டு எளிதில் போகப்போவதில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றி இருவகையான அபிப்பிராயங்கள் உண்டு. ‘படிக்க வேண்டிய பிள்ளையைக் கடை போடச் சொல்கிறார்களே’ என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். ‘இப்போதே இலாபம் பண்ணத் தெரிந்துகொள்ளட்டும்’ என்று வேறு சிலர் மகிழ்கின்றனர். முன்னவர்க்கு வாணிகம் படிப்புக்கு எதிரி. பின்னவர்க்குப் படிப்பே வாணிகத்தின் ஒரு கிளை. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். அந்த வழியைக் காட்டியவர் ஒரு தமிழர். அதைக் காட்டியதும் தமிழகத்துக்கு வெளியே இருந்துதான்.

முகம் சுளிப்பவர்களின் மனநிலை எளிதில் விளங்கக் கூடியதே. பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று வரிசை வரிசையாக வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தமிழ்க் கிராமங்கள் அவை. ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயில். ஐப்பசிக் கடைசியில் தேர்த் திருவிழா. அங்கிருந்து புறப்பட்டு இந்தியா முழுவதும் பரவியவர்களில் பலர், எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் சென்றவர்கள். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றால் எந்த நகரத்திலும் ஒரு நாற்காலி கிடைக்கும் என்பது பல தலைமுறைகளின் நம்பிக்கை. சமையற்கலையை மூலதனமாகக் கொண்டு உணவு விடுதி வைத்து முன்னேறியவர்களும் உண்டு. ஆயினும் குடும்பப் பேச்சில் உத்தியோகத்துக்கு இருந்த மதிப்பு கடைக்கு இருந்ததில்லை. மாதச் சம்பளம் என்னும் நிழலில் வளர்ந்தவர்களுக்கு, தம் பிள்ளை விலை சொல்லி விற்பதைக் காணக் கூச்சமாயிருப்பது இயல்பே.

ஆனால் அதே கிராமத்தின் பின்கட்டில் வேறொரு வாழ்க்கை ஓசையின்றி நடந்து வந்திருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் அப்பளம் இட்டு உலர்த்துவதும், வடாம் பிழிவதும், மாங்காயை உப்பில் ஊறவைப்பதும், கொண்டாட்டம் என்று பாலக்காட்டார் சொல்லும் வற்றல் வகைகளைப் பக்குவம் செய்வதும் அந்த வாழ்க்கை. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியில் இவை இல்லாமல் இருந்ததுண்டா? இன்று இவற்றை விற்பனைக்காகவே செய்து பிழைப்போரும் இருக்கின்றனர். ஆகவே வாணிகம் நமக்கு அந்நியமானதன்று. அதற்கு நாம் கணக்கு எழுதியதில்லை; அவ்வளவே.

கணக்கு எழுதுவதைப் பற்றிப் பேசத் தகுதி வாய்ந்தவர் ஜே. சி. குமரப்பா அவர்கள். 1892-ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் பிறந்தவர். ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ் என்பது பிறவிப்பெயர். பின்னர் குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதை ஏற்றார். இலண்டனில் கணக்காய்வுத் தொழிலைக் கற்று, பம்பாயில் அதனை நடத்தினார். பிறகு அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா சர்வகலாசாலைகளில் படித்தார். 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகளைச் சந்தித்தார், வாழ்க்கை திரும்பிவிட்டது. உடனே அவருக்குக் கிடைத்த பணி என்ன தெரியுமா? குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா ஜில்லாவிலுள்ள மாதர் தாலுகாவின் கிராமங்களுக்குப் போய், குடும்பம் குடும்பமாக வருமானத்தையும் செலவையும் கடனையும் விசாரித்து எழுதுவது. ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் அந்த ஆய்வு நடந்தது. கல்லூரி மாணவன் பொருளாதாரத்தைப் புத்தகத்தில் தேடாமல், உழவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றான்.

கணக்கில் அவர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். 1934-இல் பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர்களின் உணவுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வகுத்திருந்தார். காந்தியடிகளும் அவருடைய குழுவினரும் வந்தபோது, அவர்களுடைய செலவை அந்த நிதியில் எழுத மறுத்துவிட்டாராம். பிறருடைய துன்பத்துக்காகத் திரட்டிய பணத்தில் பெரியவர், சிறியவர் என்ற பேதம் அவர் பார்க்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் காரியதரிசி அவரே ஆனார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என்று ஒவ்வொன்றையும் சோதித்துச் சீர்ப்படுத்தினார்கள்.

1937 அக்டோபரில் வார்தாவில் ஒரு கல்வி மாநாடு கூடிற்று. கைத்தொழிலை நடுவாகக் கொண்டு மற்றப் பாடங்களைக் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டம் அங்கே உருவெடுத்தது. திட்டத்தை வகுக்க அமைந்த குழுவுக்கு டாக்டர் ஜாகிர் உசேன் தலைவர். குழுவை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம்; உறுப்பினரில் ஒருவர் குமரப்பா. இந்த இரு தமிழரும் பிறந்த மண்ணை விட்டு வந்து, மராட்டிய நாட்டின் நடுவே உட்கார்ந்து, இந்தியக் குழந்தைகளின் கல்வியைப் பற்றிச் சிந்தித்தார்கள். வெளி மாநிலத் தமிழர் இதனை நினைவில் கொள்வது தகும்.

அந்தக் குழு தன் அறிக்கையிலேயே ஓர் எச்சரிக்கையும் எழுதி வைத்தது. பிள்ளைகள் செய்யும் பொருளின் விற்பனையால் பள்ளிச் செலவு ஈடுகட்டப்படலாம் என்பது காந்தியடிகளின் கருத்து. ஆனால் ஆசிரியர்கள் வருமானத்திலேயே கண்ணாயிருந்து, கல்வி நோக்கத்தைக் கைவிட்டுவிடும் அபாயம் உண்டு என்று குழு கூறிற்று. குழந்தை நூற்ற நூலின் நீளத்தை அளப்பது எளிது. அதனால் அவன் அறிவு எவ்வளவு வளர்ந்தது என்று அளப்பது அரிது. அளக்க எளிதானதையே நாம் அளப்போம். இன்றைய தொழில்முனைவு வகுப்புக்கும் இந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும். அதிகம் விற்ற குழுவுக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டால், பாடம் அங்கேயே முடிந்துபோகும்.

இன்னோர் அபாயமும் உண்டு. 1953-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது. தந்தையின் தொழிலோடு மகனைக் கட்டிப்போடும் ஏற்பாடு என்று கடும் எதிர்ப்பு எழுந்தது; 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. தொழிலைக் கற்பிப்பது வேறு. குலத்தொழிலில் நிறுத்தி வைப்பது வேறு. கல்பாத்திக்கும் இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. 1924-ஆம் ஆண்டில் அந்தக் கிராமத்துத் தெருக்களில் நடக்க முயன்ற ஈழவ மக்கள் தடுக்கப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள். தெருவில் நடக்கவே எல்லார்க்கும் உரிமை இல்லாத இடத்தில் சந்தை ஏது, முயற்சி ஏது? எந்தப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் கற்கலாம், எந்தத் தெருவிலும் விற்கலாம் என்பதே தொழில்முனைவின் முதல் நிபந்தனை.

இனி, குமரப்பா காட்டிய வழிக்கு வருவோம். சுதந்திரப் போராட்டக் காலத்தில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது அவர் ஒரு நூல் எழுதினார். அதன் பெயரை ‘நிலைபேற்றுப் பொருளாதாரம்’ என்று தமிழில் சொல்லலாம். 1945-இல் காந்தியடிகள் அதற்கு முன்னுரை வழங்கினார். இயற்கையில் உயிர்கள் பிழைக்கும் விதத்தை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டுகிறது அந்நூல். பிறவுயிரை அழித்துத் தான் வாழ்வது முதல் வகை. புலியின் வாழ்க்கை அது. அழிக்காவிட்டாலும், எதையும் கொடாமல் எடுத்துக்கொள்வது இரண்டாம் வகை. மாந்தோப்பில் புகுந்த குரங்கு உழவும் இல்லை, நீர் ஊற்றவும் இல்லை, பழத்தை மட்டும் பறிக்கிறது. மூன்றாவது, முயற்சியால் வாழ்வது. தேனீ மலரிலிருந்து தேனை எடுக்கிறது. எடுக்கும்போதே மகரந்தத்தைப் பரப்பி மலரைக் காயாக்குகிறது. நான்காவது, தனக்கென்று மட்டும் வாழாமல் கூட்டத்துக்காக வாழ்வது. தேன் கூட்டுக்கெல்லாம் பொது. ஐந்தாவது, கைம்மாறு கருதாத தொண்டு. குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையை அதற்கு எடுத்துக்காட்டுவார்.

இதைவிட எளிய வாணிக இலக்கணம் பள்ளிப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? ‘நீ செய்யும் வாணிகம் இந்த ஐந்தில் எது?’ என்று பன்னிரண்டு வயதுக் குழந்தையைக் கேட்கலாம். அவன் விடை தேடித் தெருவைப் பார்ப்பான், கடைகளைப் பார்ப்பான், தன் வீட்டையும் பார்ப்பான்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து மாணவர்கள் சேர்ந்து கோடை விடுமுறையில் அப்பளம் செய்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ உளுத்தம்மாவு 300 ரூபாய். காரம், உப்பு, பெருங்காயம், எண்ணெய் 100 ரூபாய். உறைகளுக்கு 50 ரூபாய். மொத்தச் செலவு 450. இருநூற்றைம்பது அப்பளம் கிடைத்து, பத்துப் பத்தாக உறையிலிட்டு, உறை 30 ரூபாய் வீதம் விற்றால் வரவு 750. இலாபம் 300 ரூபாய் என்று பிள்ளைகள் துள்ளுவார்கள். ஆசிரியரும் கைதட்டுவார்.

நல்ல ஆசிரியர் கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘மாவைப் பிசைந்து இடித்துப் பதம் பார்த்தவர் யார்?’ பாட்டி. ‘வட்டமாக இட்டு, வெயிலில் விரித்து, திருப்பிப் போட்டவர் யார்?’ அம்மா. இருவரும் சேர்ந்து எட்டு மணி நேரம் உழைத்தார்கள். மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாக மதித்தாலும் 400 ரூபாய் ஆயிற்று. முந்நூறு ரூபாய் இலாபம் எங்கே போயிற்று? நூறு ரூபாய் நஷ்டமல்லவா கணக்கில் நிற்கிறது!

இந்தக் கணத்திலேதான் கல்வி தொடங்குகிறது. வீட்டிலே பெண்கள் செய்யும் வேலைக்கு விலை உண்டு என்பதை ஆண்பிள்ளைகள் ஒருவேளை அன்றுதான் முதன்முதலாக எழுத்தில் காண்பார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பண்டத்தில் யாருடைய கூலி மறைந்திருக்கிறது என்று அடுத்த முறை யோசிப்பார்கள். பிறகு நஷ்டத்தை நீக்கும் வழிகளை ஆராய்வார்கள். விலையை உயர்த்தலாமா? உயர்த்தினால் வாங்குவார்களா? உடைந்து வீணாவதைக் குறைக்கலாமா? நாமே பாட்டியிடம் கற்றுக்கொண்டு வேலையைப் பங்கிட்டால் என்ன? இவ்வாறு எண்ணும் பிள்ளை கூட்டலும் பெருக்கலும் மட்டுமா கற்கிறான்? நியாயத்தையும் கற்கிறான்.

இரண்டாவது கேள்வி உறையைப் பற்றியது. பிளாஸ்டிக் உறை 50 ரூபாய் என்று எழுதினோம். அப்பளம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். உறை எங்கே போகும்? கல்பாத்தியில் அது ஆற்றுக்குப் போகும். மலம்புழை, வாளையாறு முதலிய ஓடைகள் கூடி வரும் அந்த ஆறு பாரதப்புழையில் கலக்கிறது. மலம்புழையில் கட்டிய அணையை 1955-இல் திறந்து வைத்தவர், அந்நாளைய சென்னை மாகாண முதலமைச்சர் காமராசர். பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தோடு இருந்தது. உறையின் விலை ஐம்பது ரூபாயோடு முடிந்துவிட்டதா, அல்லது மீதி விலையை ஆறு செலுத்துகிறதா? காகித உறையிலோ ஈரம் ஏறி அப்பளம் நமுத்துப்போகும். வாடிக்கைக்காரர் தம் வீட்டு டப்பாவையே கொண்டுவந்தால் விலையில் சிறிது தள்ளுபடி தரலாம் என்று ஒரு பிள்ளை சொன்னால், அவனே உண்மையான தொழில்முனைவோன்.

குமரப்பா இயற்கைச் செல்வத்தை இரண்டாகப் பகுத்தார். நிலக்கரியும் எண்ணெயும் போல, எடுக்க எடுக்கக் குறைந்துபோகும் தேக்கச் செல்வம் ஒன்று. ஓடும் ஆறும் வளரும் மரமும் போல, புதுப்பித்துக்கொண்டே வரும் ஓட்டச் செல்வம் மற்றொன்று. ஓட்டத்திலிருந்து அளவோடு எடுக்கும் தொழில் நிலைக்கும். தேக்கத்தை நம்பிய தொழில் ஒருநாள் நின்றுவிடும். அப்பளத்துக்கு வேண்டிய வெயில் ஓட்டச் செல்வம். நாம் எவ்வளவு எடுத்தாலும் நாளைக்குக் குறையாது. ஆனால் ஓட்டச் செல்வத்தையும் அதன் வேகத்துக்கு மீறி எடுத்தால் அது வற்றிப்போகும்.

இதற்குச் சான்று தேடிப் பிள்ளைகள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பாலக்காட்டு மாவட்டத்திலேயே, தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில், சிற்றூர்த் தாலுகாவில் பிளாச்சிமடை என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 2000-ஆம் ஆண்டில் கோகோ கோலா நிறுவனத்தின் தொழிற்சாலை நிலத்தடி நீரை எடுத்துப் பானம் தயாரிக்கத் தொடங்கிற்று. கிணறுகள் வற்றின, இருந்த நீரும் கெட்டது என்று சுற்றிலும் வாழ்ந்த பழங்குடி மக்கள் கூறினர். உரமென்று உழவர்க்குத் தந்த கழிவுச் சேற்றில் ஈயமும் காட்மியமும் இருந்ததாக 2003-இல் செய்த சோதனைகள் தெரிவித்தன. 2002 ஏப்ரல் 22 அன்று தொடங்கிய அறப்போராட்டத்தில் மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண்மணி முன்னின்றார். நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. வழக்குகள் பல படிகள் ஏறி இறங்கின. 2004 மார்ச்சில் தொழிற்சாலை நின்றது. 2010-இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, நேர்ந்த சேதத்தை ஏறத்தாழ 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2017-இல் நிறுவனம் அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணமில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அந்தத் தொழிற்சாலையின் கணக்குப் புத்தகத்தில் தண்ணீருக்கு என்ன விலை எழுதியிருப்பார்கள்? பானத்தின் விலையில் அது எத்தனை பங்கு? குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடந்த பெண்ணின் நேரம் எந்தப் பத்தியில் ஏறிற்று? பாட்டியின் எட்டு மணி நேரத்தை மறந்த அப்பளக் கணக்கும் இதுவும் அளவில் வேறு, தவறு ஒன்றுதான். பத்து உறை அப்பளத்தில் அந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பழகிய குழந்தை, நாளை பெரிய ஆலையின் கணக்கிலும் அதனைக் கண்டுபிடிக்கும். அவனே ஆலை முதலாளியானால், அந்தத் தவறு நேராமல் பார்த்துக்கொள்வான்.

வெளி மாநிலத் தமிழ்ப் பெற்றோர் இதில் செய்யக் கூடியது என்ன? பள்ளி இப்பாடத்தைத் தரும்வரை காத்திருக்க வேண்டாம். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் மொட்டைமாடிகள் உண்டு, வெயிலும் உண்டு. பிள்ளைகள் ஏதேனும் ஒரு சிறு பொருளைச் செய்யட்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். வரவு, செலவு என்னும் இரு பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பத்திகள் கோடிடச் சொல்லுங்கள்: யார் உழைத்தார்கள், மண்ணிலும் நீரிலும் எதை எடுத்தோம், எதைத் திருப்பிக் கொடுத்தோம். ஐந்து பத்திகளும் நிரம்பிய பின் கிடைக்கும் மீதியைத்தான் இலாபம் என்று சொல்லப் பழக்குங்கள். பக்கத்து வீட்டு மராட்டியக் குழந்தையையும் பஞ்சாபிக் குழந்தையையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு நாட்டாரும் உணவை எவ்வாறு கெடாமல் காக்கிறார்கள் என்பதே தனிப் படிப்பு. நஷ்டம் வந்தால் திட்ட வேண்டாம். உள்ளபடி எழுதிய நஷ்டம், ஒன்றை மறைத்து எழுதிய இலாபத்தைவிட மேலான பாடம்.

குமரப்பா அவர்கள் தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில் மறைந்தார். நிலக்கரியும் எண்ணெயும் தீருமே, ஆறுகள் கெடுமே என்று உலகம் கவலைப்படத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தத் தஞ்சைக் கணக்கர் அதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளுக்கு வாணிகம் கற்பிக்கலாமா? தாராளமாகக் கற்பிக்கலாம். மாந்தோப்புக் குரங்கின் வாணிகத்தை அவர்கள் தாமே கற்றுக்கொள்வார்கள். அதற்கு ஆசிரியர் தேவையில்லை. தேனீயின் வாணிகத்தை நாம் கற்பிப்போம்.